வெயிலில் ஓடும் ஏசி

அந்த வேனின் ஏசி, பதினொரு மணியிலிருந்து நான்கு மணி வரை, இன்ஜினைப் போடாமல், ஜெனரேட்டர் இல்லாமல், கூரைமேல் இருக்கும் மூன்று சோலார் பேனல்களையும் ஒரு பேட்டரியையும் மட்டும் நம்பி ஓடும் என்று சொன்னது நான்தான். என்னை யாரும் கேட்கவில்லை. முதலாளி, வேன் வாங்க வந்தவரிடம் எந்த ஜெனரேட்டர் சத்தம் குறைவாகப் போடும் என்று விளக்கிக்கொண்டிருந்தார். நான் நடுவில் புகுந்து, "ஜென்செட்டே வேண்டாம் சார், சோலார்ல ஓடும்" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தவர் உட்பட எல்லோரும் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பது தெரிந்தது.

ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பிலிருந்து உள்ளே போகும் தெரு ஒன்றில் இருக்கிறது எங்கள் பட்டறை. பள்ளிக்கூட வேனுக்கு சீட் அடிப்போம், சாப்பாட்டு வண்டி கட்டிக் கொடுப்போம். இப்போது கேரவனும் செய்கிறோம். சினிமாக்காரர்களுக்கு இல்லை, குடும்பத்தோடு வெளியே போய் இரண்டு நாள் தங்க நினைப்பவர்களுக்கு. படுக்கை, சின்ன அடுப்பு, ஒரு சிங்க், மேலே பேனல். அங்கே வேலை செய்பவர்கள் எல்லோரும் கையால் தொழில் கற்றவர்கள். எலெக்ட்ரிக்கல் படித்துப் பட்டம் வாங்கியவள் நான் ஒருத்தி.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான். அப்பாவுக்குக் கட்டடங்களில் சென்ட்ரிங் வேலை. அம்மா பொத்தேரியில் ஒரு பெண்கள் விடுதியில் சமைக்கிறார். எனக்கு முன்னால் எங்கள் குடும்பத்தில் யாரும் பள்ளிப்படிப்பை முடித்ததில்லை. அந்தப் பெருமை எனக்கு உண்டு. அதை அடக்கி வைக்க நான் கற்றுக்கொள்ளவில்லை, கற்றுக்கொள்ளும் எண்ணமும் இல்லை. ஆனால் அது சில சமயம் எனக்கு முன்னாலேயே வாயைத் திறந்துவிடுகிறது. அன்றைக்கு நடந்தது அதுதான்.

வேன் கேட்டு வந்தவரின் மனைவி பள்ளிக்கூட டீச்சர். நரம்பு சம்பந்தமான ஒரு நோய் அவருக்கு. உடம்பில் சூடு ஏறினால் கால் துவண்டுவிடும், கண் மங்கிவிடும். குளிர்ச்சியில் கொஞ்ச நேரம் படுத்தால் திரும்பிவிடும். அதனால் மார்ச் மாதம் பிறந்தால் அவர் வெயில் நேரத்தில் வீட்டை விட்டு நகர்வதில்லை. அவர்கள் சபையில் ஒவ்வொரு மே மாதமும் கடலோரத்தில் ஒரு சவுக்குத் தோப்பில் மூன்று நாள் குடும்ப முகாம் நடத்துவார்கள். அங்கே கரண்ட் கிடையாது. பல வருடங்களாக அந்த முகாமில் சின்னப் பிள்ளைகளின் வகுப்பை நடத்தியவர் டீச்சர்தான். நோய் வந்த பிறகும் ஒரு வருடம் பிடிவாதமாகப் போயிருக்கிறார். முதல் நாள் மதியமே பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க, நான்கு பேர் சேர்ந்து தூக்கிவந்து காரில் படுக்க வைத்தார்களாம். அதற்குப் பிறகு போகவில்லை.

இந்த வருடம் கேரவனில் போகலாம் என்பது டீச்சரின் யோசனை. ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தால் பக்கத்துக் கொட்டகையில் பாடவும் முடியாது, ஜெபிக்கவும் முடியாது என்பதால் சோலார். அவர் வீட்டுக்காரர் ஒரு நிபந்தனை போட்டார். முகாமுக்கு முன்னால் ஒரு நாள் வெட்டவெளியில் வேனை நிறுத்தி, டீச்சர் உள்ளே இருந்து பார்க்க வேண்டும். பதினொன்று முதல் நான்கு வரை உள்ளே குளிர்ச்சி நின்றால் போகலாம். நிற்காவிட்டால், முகாம் என்ற பேச்சையே இனி வீட்டில் எடுக்கக் கூடாது.

"நிக்கும் சார்" என்றேன்.

இரண்டு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கூரை வழியாக எவ்வளவு சூடு இறங்கும், கண்ணாடி வழியாக எவ்வளவு, உள்ளே இருக்கும் ஆளின் உடம்புச் சூடு எவ்வளவு, நல்ல வெயிலில் பேனல் எவ்வளவு கொடுக்கும், மிச்சத்தை பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும். இன்வெர்ட்டர் ஏசி என்பதால் உள்ளே குளிர்ந்துவிட்டால் கம்ப்ரஸர் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நான்கு மணிக்குப் பேட்டரியில் பாதிக்கு மேல் மிஞ்ச வேண்டும். மூன்று முறை சரிபார்த்தேன். முந்தின நாள் பட்டறையிலிருந்து கிளம்பும்போது முதலாளி, "எதுக்கும் ஜென்செட்ட ஏத்திக்கினு போம்மா" என்றார். ஏற்றவில்லை. ஏற்றினால் என் கணக்கை நானே நம்பவில்லை என்று ஆகிவிடும்.

காட்டாங்குளத்தூருக்கு மேற்கே, மனை பிரித்துக் கல் நட்டு, இன்னும் யாரும் வீடு கட்டாத ஒரு லேஅவுட். மஞ்சள் பெயின்ட் அடித்த கற்கள், நான்கு ஆடுகள், ஒரே ஒரு புங்கமரம். பத்தரைக்கு நான் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து போய்ச் சேர்ந்தபோது எங்கள் பட்டறை டிரைவர் அண்ணன் வேனை அந்தப் புங்கமரத்தடியில் அழகாக ஒட்டி நிறுத்தியிருந்தார்.

"அண்ணா, ஏன் நிழல்ல போட்டீங்க?"

"பின்ன? வெயில்ல போட்டு டீச்சர வேக வெக்கச் சொல்றியா? நெழலு கீது, காத்து கீது. உன் ஏசிக்கும் வேல கம்மி."

"மேல பேனல் இருக்குண்ணா. அதுக்கு வெயில் வேணும்."

அவர் சாவியைத் திருகிக்கொண்டே சொன்னார். "வெயிலு வேணாம்னு ஏசி போடறான் மனுஷன். ஏசி போடறதுக்கு வெயிலு வேணும்ன்ற நீ. இன்னா படிப்போ, இன்னா இன்ஜினியரம்மாவோ."

வேனை நடுவெயிலுக்கு நகர்த்தினோம். டீச்சரும் அவர் வீட்டுக்காரரும் காரில் வந்தார்கள். டீச்சருக்கு ஐம்பது வயதிருக்கலாம். ஒல்லியான உடம்பு, பருத்திச் சேலை, கையில் ஒரு நீள நோட்டு. வேனில் ஏறுவதற்குக் கையை நீட்டினேன். பிடித்துக்கொள்ளாமல் கம்பியைப் பிடித்து ஏறினார். எனக்குப் பிடித்திருந்தது. உள்ளே போய்ப் படுக்கையில் தலையணையை முதுகுக்கு வைத்துச் சாய்ந்து உட்கார்ந்து, நோட்டைத் திறந்து, முகாமுக்கான பாடத்தை எழுத ஆரம்பித்துவிட்டார். போவது உறுதி என்பதைப் போல.

பதினொரு மணிக்குப் பேட்டரி மீட்டர் தொண்ணூற்றெட்டு சதவீதம் காட்டியது. ஏசியை இருபத்தைந்தில் வைத்தேன். கதவை இழுத்துச் சாத்திவிட்டு வெளியே வந்தேன்.

அதற்குப் பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சின்ன வயதிலிருந்தே ஓர் இடத்தில் உட்கார மாட்டேன். பரீட்சைக்குப் படித்ததெல்லாம் தெருவில் மேலும் கீழும் நடந்துகொண்டுதான். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை உள்ளே போய் மீட்டரைப் பார்த்து பேட்டரி எவ்வளவு, பேனல் எவ்வளவு, உள்ளே எத்தனை டிகிரி என்று எழுதினேன். வெளியே வந்து வேனுக்கு அடியில் குனிந்து கம்ப்ரஸரின் சத்தத்தைக் கேட்டேன். இன்வெர்ட்டர் சுடுகிறதா என்று தொட்டுப் பார்க்க மறுபடி உள்ளே. வயர் முனையைப் பார்க்க மறுபடி வெளியே. ஏணி வைத்துக் கூரையில் ஏறிப் பேனலைத் துடைத்தேன். துடைத்தால் எவ்வளவு கூடியது என்று பார்க்க மறுபடி உள்ளே. மீட்டரை வெளிப்பக்கம் மாட்டியிருக்கலாம், போனில் பார்க்கிற மாதிரி ஒன்று வாங்கியிருக்கலாம். அதெல்லாம் பிறகு தோன்றியவை.

பன்னிரண்டு மணிக்கு எண்பத்து நான்கு. என் கணக்குப்படி தொண்ணூற்று மூன்று இருக்க வேண்டும்.

டீச்சரின் வீட்டுக்காரர் அவ்வப்போது கதவைப் பாதி தள்ளி, "எப்படியிருக்கு? பரவாயில்லையா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். டிரைவர் அண்ணன் தண்ணீர் கேன் எடுக்கப் போனார். பன்னிரண்டரைக்கு, நூறு நாள் வேலை முடித்துத் திரும்பிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் பாதி திறந்திருந்த கதவு வழியாக வேனைப் பார்த்து நின்றார்கள்.

"இன்னா வண்டி இது? உள்ள வூடு மாதிரி கீதே!"

டீச்சர் உள்ளேயிருந்து அவர்களைப் பார்த்துவிட்டு, "வாங்களேன், உள்ள வந்து பாருங்க" என்றார். ஒருவர் பின் ஒருவராகச் செருப்பைக் கழற்றி, மண்வெட்டியை எங்கே வைப்பது என்று யோசித்து, கால் மண்ணைத் தட்டி ஏறினார்கள். அதுவரை கதவு முழுசாகத் திறந்திருந்தது. ஏறிய பிறகும் யாரும் சாத்தவில்லை. அடுப்பைப் பார்த்தார்கள், குழாயைத் திருகிப் பார்த்தார்கள், படுக்கையை அழுத்திப் பார்த்தார்கள். "எம்மாடி, ஊட்டி கணக்கா கீது" என்று ஒருவர் முந்தானையை விலக்கிக் கழுத்தைக் காற்றுக்குக் காட்டிக்கொண்டு நின்றார். குளிர்ந்த காற்று என் கணுக்காலில் உரசிக்கொண்டு மைதானத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்கு வந்தவர்களிடம் கதவைச் சாத்துங்கள் என்று எப்படிச் சொல்வது?

ஒரு மணிக்கு அறுபத்து மூன்று. உள்ளே இருபத்தொன்பது டிகிரி. கம்ப்ரஸர் ஒரு நொடிகூடத் தணியாமல் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பேனலில் குறையில்லை, வெயிலிலும் குறையில்லை. அடுத்த அரைமணி நேரத்தில் எத்தனை முறை உள்ளே போய் வந்தேன் என்று எனக்கே தெரியாது. ஒன்றரைக்கு ஐம்பத்திரண்டு. இந்த வேகத்தில் போனால் மூன்று மணிக்கு இருபதைத் தொடும். இருபதில் பேட்டரி தானாக நின்றுவிடும்.

"சார், நீங்க அடிக்கடி கதவத் திறக்காதீங்க. அதுலதான் குளிர்ச்சி போகுது" என்றேன் டீச்சரின் வீட்டுக்காரரிடம். கொஞ்சம் கடுப்பாகவே சொல்லியிருக்க வேண்டும். அவர் உள்ளே எட்டிப் பார்த்து, "கால் எப்படியிருக்கு?" என்றார்.

டீச்சர் யோசித்துவிட்டுத்தான் சொன்னார். "லேசா கனக்குது."

"கார்ல ஏறு, போயிடலாம். பார்த்தாச்சு, போதும்."

டிரைவர் அண்ணன் தணிந்த குரலில் என்னிடம், "வண்டிய ஸ்டார்ட் பண்ணிக்கட்டா? பேட்டரி ஏறும்ல. யார்கிட்டயும் சொல்ல வேணாம்" என்றார். நல்ல எண்ணத்தில்தான் கேட்டார். வேண்டாம் என்று தலையாட்டினேன். ஆட்டிய பிறகு வேறு என்ன செய்வது என்று தெரியாமல், இன்னொரு முறை மீட்டரைப் பார்க்கலாம் என்று உள்ளே போனேன்.

"முப்பத்தெட்டு" என்றார் டீச்சர்.

"டிகிரியா டீச்சர்?"

"கதவு." நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். வருகைப் பதிவேடு மாதிரி கோடு போட்டு, ஒவ்வொருவர் வரிசையிலும் சின்னச் சின்னக் குச்சிகள். "முப்பத்தெட்டு தடவ தொறந்திருக்கு. எங்க வீட்டு சார் ஒன்பது. டிரைவர் நாலு. அந்த அம்மாங்க ஒண்ணு, ஆனா அது நீளமான ஒண்ணு. மிச்சம்?"

"இருபத்து நாலு" என்றேன். கழித்துச் சொன்ன பிறகுதான் அது யாருடையது என்று உறைத்தது.

"நீ உள்ள வர்றப்பல்லாம் வெயிலும் உன்கூடவே வந்து உக்காருதும்மா. அத வெளியேத்தறதுக்குள்ள நீ அடுத்த வெயில கூட்டிக்கிட்டு வந்துடற."

வெளியே டிரைவர் அண்ணன் சிரித்தது கேட்டது. எனக்குக் காது சுட்டது. என் கணக்குத் தாளில் கதவுக்கும் ஒரு வரி இருந்தது. 'மணிக்கு இரண்டு முறை' என்று எழுதியிருந்தேன். பாடப்புத்தகத்தில் ஓர் அலுவலக அறைக்குக் கொடுத்திருந்த உதாரணத்தை அப்படியே எடுத்துப் போட்டது. நான் ஏசியோடு வாழ்ந்தவள் இல்லை. கல்லூரியில் கம்ப்யூட்டர் லேபில்தான் ஏசி இருந்தது, அங்கே கதவு தானாகச் சாத்திக்கொள்ளும். எங்கள் தெருவில் பகலில் ஒரு வீட்டுக் கதவு சாத்தியிருந்தால் உள்ளே சண்டை, இல்லாவிட்டால் யாருக்கோ முடியவில்லை என்று அர்த்தம். கூரையை, கண்ணாடியை, மனித உடம்பைக் கணக்கில் சேர்த்தவளுக்கு, நாங்கள் கதவைச் சாத்தும் ஆட்கள் இல்லை என்பது தோன்றவே இல்லை.

"ஒண்ணு உள்ள இரு, இல்ல வெளிய இரு" என்றார் டீச்சர்.

"வெளிய இருக்கேன் டீச்சர். உள்ள என் உடம்புச் சூடு ஒண்ணு எதுக்கு?"

"உனக்கு ஏதாவது ஆச்சுன்னா?" என்றார் வீட்டுக்காரர், டீச்சரிடம்.

"கண்ணாடியத் தட்டறேன். நாலு மணிக்கு முன்னாடி நான் தட்டினா வீட்டுக்குப் போயிடலாம். அப்புறம் முகாமப் பத்தி வாயத் திறக்க மாட்டேன். தட்டாட்டி நீங்க வாயத் திறக்கக் கூடாது" என்றார் டீச்சர்.

மணி ஒன்று நாற்பது. கதவைச் சாத்தினேன். ஜன்னல்களில் உள்பக்கமாகச் சூடு தடுக்கும் வெள்ளித் தாள் ஒட்டியிருந்ததால் உள்ளே எதுவும் தெரியாது. அதை ஒட்டியதும் நான்தான்.

இரண்டு மணி இருபது நிமிடம் எப்படிப் போனது என்று கேட்டால், போகவே இல்லை என்றுதான் சொல்வேன். மஞ்சள் கற்களை எண்ணிக்கொண்டு நடந்தேன், எண்ணிக்கை தவறியது. மறுபடி எண்ணினேன். வண்டலூர்ப் பக்கமிருந்து ஒற்றை மேகம் ஒன்று வந்தது. அது சூரியனைத் தொடுமா தொடாதா என்று கழுத்து வலிக்கப் பார்த்தேன். தொட்டது. மைதானம் மங்கி, ஆடுகள் தலையைத் தூக்கின. மேகம் விலகும்வரை மூச்சை எண்ணினேன். கை தானாகக் கதவுப்பிடியை நோக்கிப் போவதைப் பார்த்து, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"ரிசல்ட்டு போர்டு முன்னாடி நிக்கற மாதிரி நிக்காத" என்றார் டிரைவர் அண்ணன். "ஒக்காரு. பாக்கறதுக்கே பேஜாரா கீது."

முதலாளி போன் செய்தார். "ஓடுதாம்மா?"

"ஓடுது சார்."

"பேட்டரி எவ்ளோ இருக்கு?"

"தெரியாது சார்."

அந்தப் பட்டறையில் நான் அந்த வார்த்தையை அதற்கு முன் சொன்னதில்லை. "தெரியாதா?" என்று திரும்பக் கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

இரண்டரை இருக்கும். வேனுக்குள்ளிருந்து 'டக்' என்று ஒரு சத்தம். டீச்சரின் வீட்டுக்காரர் மரத்தடியிலிருந்து ஓடிவந்தார். நான் கதவை மறித்துக்கொண்டு நின்றேன். ஏன் அப்படி நின்றேன் என்று எனக்கே தெரியாது.

"சார், ஒரு சத்தம்தான் வந்துச்சு. தட்டறதா இருந்தா திரும்பத் தட்டுவாங்க."

"தள்ளும்மா. உன் வேனும் வேணாம், ஒண்ணும் வேணாம். உள்ள இருக்கறது என் பொண்டாட்டி."

அவர் முகம் வேர்த்துச் சிவந்திருந்தது. அந்த அம்மாள் கால் துவண்டு கீழே விழுந்திருந்தால்? நான் ஒரு எண்ணைக் காப்பாற்றக் கதவை மறித்துக்கொண்டிருக்கிறேனா? பிடியில் இருந்து கையை எடுத்தேன். அப்போது டிரைவர் அண்ணன், "போன் பண்ணிப் பாரேன் சார், கைல தான கீது" என்றார். நாங்கள் இரண்டு பேரும் அவரைப் பார்த்தோம்.

போன் ஸ்பீக்கரில் டீச்சரின் குரல் தூக்கக் கலக்கத்தோடு வந்தது. "பேனா விழுந்துச்சுங்க. ஒரு அஞ்சு நிமிஷம் கண்ண மூட விட மாட்டீங்களா?"

"கால்?"

"இருக்கு."

நான் போனுக்குப் பக்கத்தில் குனிந்தேன். "டீச்சர், மீட்டர்ல எவ்ளோன்னு மட்டும் சொல்லுங்களேன்."

"சொல்ல மாட்டேன்" என்று வைத்துவிட்டார்.

அவர் வீட்டுக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நெற்றியைத் துடைத்துக்கொண்டு வேனின் நிழலில் குந்தினார். நானும் கொஞ்சம் தள்ளிக் குந்தினேன். அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் காதுக்குப் பக்கத்தில் கம்ப்ரஸரின் சத்தம் மாறியது. காலையிலிருந்து ஒரே கனமாக உறுமிக்கொண்டிருந்தது மெல்ல மெல்ல இறங்கி, ஒரு மிக்ஸி தூரத்து வீட்டில் ஓடுவதைப் போல ஆனது. உள்ளே குளிர்ந்துவிட்டது. என் கணக்கில் கம்ப்ரஸர் தணியும் என்று எழுதியிருந்த இடம் இதுதான். எழுந்து யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. உடனே இன்னொன்றும் தோன்றியது: பேட்டரி சரிந்து இன்வெர்ட்டர் திணறினாலும் சத்தம் குறையலாம். சொல்லவில்லை. எழுந்து மறுபடி கற்களை எண்ணப் போனேன்.

நான்கு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது கதவுக்கு முன்னால் மூன்று பேரும் வரிசையாக நின்றோம். நான்கும் ஆனது. கதவு திறக்கவில்லை. நான்கு ஒன்று. நான் பிடியைத் தொடுவதற்குள் உள்ளேயிருந்து இழுத்துத் திறந்தார் டீச்சர். குளிர் காற்று முகத்தில் வந்து மோதியது. சேலை கசங்கி, ஒரு கன்னத்தில் தலையணைத் தையலின் கோடு பதிந்திருந்தது.

"போர்வை ஒண்ணு வெச்சிருக்கலாம் நீ" என்றார் என்னைப் பார்த்து.

அவர் தோளுக்கு மேல் எட்டி மீட்டரைப் பார்த்தேன். நாற்பத்தொன்று. உள்ளே இருபத்தைந்து.

அவர் வேனின் படியில் உட்கார்ந்து, காலை வெளியே தொங்கவிட்டு, பாதத்தை இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்தார். வீட்டுக்காரர் எதுவும் பேசவில்லை. ஒப்பந்தப்படி அவர் பேசக் கூடாது.

"ஏம்மா, முகாம்ல பிள்ளைங்க கதவச் சாத்துவாங்களா?"

"மாட்டாங்க டீச்சர்."

"என்னப் பார்க்க வர்றவங்க?"

"அவங்களும் மாட்டாங்க. இன்னொரு பேட்டரி வெச்சுத் தரேன். கதவுக்கு உள்பக்கம் கனமான பிளாஸ்டிக் பட்டைத் திரை போட்டுடலாம், ஐஸ் கம்பெனில இருக்குமே, அந்த மாதிரி."

"மீன் மார்க்கெட் மாதிரியா?" என்று முகத்தைச் சுளித்தார். பிறகு, "சரி, போடு" என்றார். "கதவச் சாத்திக்கிட்டு உள்ள உக்காரணும்னா அதுக்கு நான் வீட்டுலயே இருந்துடுவேனே."

போனை எடுத்து, சபையில் முகாமை நடத்துபவரைக் கூப்பிட்டார். இந்த வருடம் தான் வருவதாகச் சொன்னார். சின்னப் பிள்ளைகள் வகுப்புக்கு வேறு யாரையும் போட்டிருந்தால் எடுத்துவிடச் சொன்னார். காலையில் பத்து மணிக்குள் மரத்தடியில் ஒரு வகுப்பு, மதியத்துக்கு மேல் வேனுக்குள்ளே, எட்டு எட்டுப் பேராக. மறுமுனையில் அந்த மனிதர் ஏதோ தயங்கியிருக்க வேண்டும். "அதெல்லாம் இன்ஜினியர் பார்த்துக்கும்" என்றார் டீச்சர். அதற்குப் பிறகு பேச்சு யார் யார் வருகிறார்கள், யார் வீட்டுப் பிள்ளை இப்போது எத்தனாவது படிக்கிறது என்று போய்க்கொண்டே இருந்தது.

ஏசி ஓடிக்கொண்டிருந்தது. கதவு முழுசாகத் திறந்திருந்தது, அவர் அதன் நடுவில் உட்கார்ந்திருந்தார். அடியில் கம்ப்ரஸர் மறுபடி வேகம் பிடிக்கும் சத்தம் கேட்டது. நாற்பத்தொன்று நாற்பதாகி, முப்பத்தொன்பதானது. எட்டுப் பிள்ளைகள் என்றால் எட்டு உடம்புச் சூடு, ஏறும்போது எட்டு ஜோடிச் செருப்பு, அத்தனையும் கழற்றி முடியும்வரை கதவு திறந்திருக்கும். மூன்று பேனல் போதுமா என்று எனக்குத் தெரியவில்லை. பாக்கெட்டில் கை விட்டுப் பேனாவைத் தேடிக்கொண்டு, அவர் பேசி முடிக்கட்டும் என்று நின்றேன். முப்பத்தெட்டானது.